ஊர்ச் சங்கத்தின் செய்தி நாளிதழில் வர: முழுமையான வழிகாட்டி

நூலகத்தில் கூடும் வாசகர் வட்டம், ரத்த தானக் கழகம், ஊருணியைக் காக்க நிற்கும் இளைஞர்கள், ஓய்வூதியர் சங்கம், கபடிக் குழு என்று ஊருக்கு ஊர் பத்துப் பேர் சேர்ந்து ஏதோ ஒரு நல்ல காரியத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அது பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரிவதில்லை. தெரிந்தால் புதிதாக ஆள் வரும், நன்கொடை வரும், மனு கொடுக்கப் போகும்போது அலுவலகத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள். அதனால் நாளிதழில் நான்கு பத்தி வருவதை வீண் பெருமை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். நல்ல வேலை செய்கிறவர்கள் அதை ஊருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

"பேப்பரில் ஆள் தெரிந்தால்தான் போடுவார்கள்" என்று பலர் முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை அது பாதி உண்மைகூட இல்லை. மாவட்டப் பக்கங்களைத் தினமும் நிரப்பியாக வேண்டும். நிருபருக்குச் செய்தி தேவை, ஆனால் நேரம் கிடையாது. அச்சில் ஏற்றும் நிலையில், பெயர் பிழையில்லாமல், நல்ல படத்தோடு, நேரத்துக்குள் செய்தியைக் கொடுக்கிற சங்கங்கள் மிகக் குறைவு. நீங்கள் அப்படிக் கொடுத்தால், ஆள் தெரிகிறதோ இல்லையோ, செய்தி வரும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதல் படி: பக்கங்களைப் படியுங்கள்

ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து தினத்தந்தி, தினமலர், தினகரன், தினமணி, இந்து தமிழ் திசை ஆகியவற்றின் உங்கள் ஊர்ப் பதிப்பைப் புரட்டுங்கள். ஒரே பத்திரிகையானாலும் மதுரைப் பதிப்பு வேறு, கோவைப் பதிப்பு வேறு. மாவட்டச் செய்திகள் எந்தப் பக்கத்தில் வருகின்றன, சங்கங்களின் செய்தி எத்தனை வரி வருகிறது, படத்தோடு வருகிறதா, தலைப்பு எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி உண்டு. இலக்கியக் கூட்டத்தைத் தினமணி மதிக்கிற அளவுக்கு மற்றவை மதிப்பதில்லை என்பது என் எண்ணம். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் என்றால் தினத்தந்தியின் 'புகார் பெட்டி' இருக்கிறது. கருத்துச் சொல்ல தினமலரின் 'இது உங்கள் இடம்' இருக்கிறது. இவற்றோடு 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்ற மாதிரி சின்னப் பகுதி உங்கள் பதிப்பில் வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டு வரிதான் வரும். ஆனாலும் கூட்டத்துக்கு ஆள் வர வேண்டுமானால், நடந்து முடிந்தபின் வரும் பெரிய செய்தியைவிட முந்தி வரும் அந்த இரண்டு வரிதான் உதவும்.

மாலைப் பத்திரிகைகளையும் விட்டுவிடாதீர்கள். மாலை மலர், மாலை முரசு போன்றவை பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் நிறைய பேர் கைக்குப் போகின்றன.

இரண்டாம் படி: நிருபரைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. உங்கள் செய்தியை எழுதப் போகிறவர் தாலுகா நிருபர். அவருக்கு மேலே மாவட்ட நிருபர், கூடவே போட்டோகிராபர், பதிப்பு அலுவலகத்தில் அதைத் திருத்திப் பக்கத்தில் வைக்கும் உதவி ஆசிரியர். இவர்களில் முதல் இருவரின் கைப்பேசி எண் இருந்தால் போதும். ஊரின் பேப்பர் ஏஜென்டுக்கு அந்த எண்கள் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்திலும் கேட்கலாம். எல்லோரும் பிஆர்ஓ ஆபீஸ் என்று சொல்வது அதைத்தான்.

நேரில் பார்க்க நல்ல நாள் திங்கட்கிழமை. ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடப்பதால் மாவட்ட நிருபர்கள் பெரும்பாலும் காலையில் அங்கேதான் இருப்பார்கள். மனுக்கள், போராட்டம், தீக்குளிக்க முயற்சி என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் ஓய்ந்து டீ குடிக்க வரும்போது போய், "சார், நாங்கள் இந்த ஊர் வாசகர் வட்டம். மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறோம். ஏதாவது இருந்தால் உங்களுக்கு அனுப்பலாமா, எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்குள்?" என்று கேளுங்கள். முதல் சந்திப்பில் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். "எத்தனை மணிக்குள்" என்ற கேள்வியிலேயே அவர் வேலையை நீங்கள் புரிந்தவர் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

பல ஊர்களில் தாலுகா நிருபர் பகுதிநேர ஊழியர்தான். சம்பளம் சொற்பம், அலைச்சல் அதிகம், பண்டிகைக் காலத்தில் விளம்பரமும் பிடிக்கச் சொல்வார்கள். ஒரே நாளில் விபத்து, கோயில் திருவிழா, சாலை மறியல், பள்ளி ஆண்டுவிழா எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே போக வேண்டும். அதனால் மாலை 4 மணியிலிருந்து 7 மணிவரை அவரைத் தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். அது அவர் செய்தி அனுப்பும் நேரம்.

மூன்றாம் படி: செய்தி எது என்று தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான சங்கங்கள் தவறுவது இங்கேதான். "சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம் நடைபெற்றது" என்பதில் ஊருக்கு என்ன இருக்கிறது? அந்தக் கூட்டத்திலேயே செய்தி ஒளிந்திருக்கும், அதைத் தோண்டி எடுக்க வேண்டும். வாசகர் வட்டத்தில் 80 வயதுப் பாட்டி முதன்முதலாகத் தான் படித்த நாவலைப் பற்றி மேடையில் பேசினார் என்றால் அது செய்தி. ரத்த தான முகாமில் அப்பா, அம்மா, மகன் மூவரும் சேர்ந்து வந்து ரத்தம் கொடுத்தால் அது செய்தி. கபடிக் குழுவில் பயிற்சி பெற்ற பெண் மாவட்ட அணிக்குத் தேர்வானால் அது முழுக்க முழுக்கச் செய்தி. உங்கள் உறுப்பினர் அல்லாத ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் "இதைப் பாருய்யா" என்று காட்டுவாரா? அதைக் கேட்டுப் பாருங்கள். காட்டுவார் என்றால் அனுப்புங்கள்.

நாட்காட்டியும் கைகொடுக்கும். பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். 1971-ல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. ஏரி, குளம் சார்ந்த குழுக்களுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். ஜூன் 14 உலக ரத்த தான நாள், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்த தான நாள். பறவை பார்க்கிறவர்களுக்கு, 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. அந்த நாட்களை ஒட்டிய செய்தியைப் பத்திரிகைகளே தேடும். சென்னையிலிருந்து வரும் பொதுக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைக்க உள்ளூர்ப் படம் ஒன்று வேண்டியிருக்கும்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. கிராம சபை நடக்கும் ஆறு நாட்கள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்று மாவட்டப் பக்கம் முழுக்க ஊராட்சிச் செய்திகளாகவே இருக்கும். பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு நாள், அமைச்சர் வருகை நாள், தேர்தல் அறிவித்த பிறகான வாரங்கள் இவையும் அப்படியே. மாறாக, ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி வைத்தால் நல்லது. அரசு அலுவலகங்கள் மூடியிருப்பதால் திங்கட்கிழமைப் பதிப்புக்குச் செய்தி குறைவாகத்தான் இருக்கும், உங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும்.

நான்காம் படி: பிரஸ் நோட் எழுதுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். சாதாரணமாக வரும் பிரஸ் நோட் இப்படி இருக்கும்:

"எங்கள் சங்கத்தின் சார்பில் மாபெரும் ஊருணி தூய்மை விழா சீரும் சிறப்புமாக நடைபெற்றது. விழாவிற்குச் சங்கத் தலைவர் அவர்கள் தலைமை தாங்கினார். செயலாளர் அவர்கள் முன்னிலை வகித்தார். பொருளாளர் அவர்கள் அனைவரையும் வரவேற்றார். இதில் திரளானோர் கலந்துகொண்டு விழாவைச் சிறப்பித்தனர். முடிவில் துணைச் செயலாளர் அவர்கள் நன்றி கூறினார்."

ஊருணிக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. இதே நிகழ்ச்சியை இப்படி எழுதிப் பாருங்கள் (ஊரும் எண்ணிக்கையும் உதாரணத்துக்காக):

"பல ஆண்டுகளாகத் தண்ணீர் நிற்காமல் கிடந்த மேலத்தெரு ஊருணியை அப்பகுதி இளைஞர்கள் 40 பேர் ஞாயிற்றுக்கிழமை சுத்தம் செய்தனர். கரையில் மண்டியிருந்த சீமைக்கருவேல மரங்களை அகற்றினர். வரத்துக் கால்வாயில் 300 மீட்டர் நீளத்துக்கு அடைத்திருந்த குப்பையையும் அள்ளினர். ஊராட்சியின் அனுமதியோடு நடந்த இப்பணியில் பெண்களும் பள்ளி மாணவர்களும் பங்கேற்றனர். பருவமழைக்கு முன் மீதிக் கால்வாயையும் சீரமைத்துத் தரக் கோரி வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்துள்ளதாகச் சங்கத் தலைவர் தெரிவித்தார்."

என்ன நடந்தது, எங்கே, எப்போது, யார், அடுத்து என்ன என்பதெல்லாம் இதில் இருக்கிறது. முக்கியமானது முதல் வரியிலேயே வந்துவிட்டது. இடம் போதவில்லை என்றால் உதவி ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். கடைசி இரண்டு வாக்கியத்தை வெட்டினாலும் செய்தி நிற்கும். முந்தைய நோட்டை எங்கே வெட்டினாலும் ஒன்றும் மிஞ்சாது.

வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும் எளிய தமிழைச் செய்திக்குக் கொண்டுவந்தார். இன்று எல்லா நாளிதழ்களும் ஏறக்குறைய அந்த வழியில்தான் எழுதுகின்றன. "மாபெரும்", "பிரம்மாண்டமான", "வரலாறு காணாத" எல்லாம் அவர்கள் எப்படியும் அடித்துவிடுகிற சொற்கள். நீங்களே அடித்துவிடுங்கள். "நாங்கள்" என்று எழுதாமல் படர்க்கையில் எழுதுங்கள். "நேற்று", "இன்று" என்று போட்டால் குழப்பம் வரும். தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர்களில் மிகுந்த கவனம் வேண்டும். எல்லாப் பெயரையும் முன்னெழுத்தோடு, பொறுப்போடு, தமிழிலேயே தட்டச்சு செய்து கொடுங்கள். ஆங்கிலத்தில் கொடுத்தால் வாணி வானியாகவும், வள்ளி வல்லியாகவும் அச்சாகிவிடும். அந்த ஒரு பிழையால் சங்கத்துக்குள் வரும் மனத்தாங்கல் ஒரு வருடம் ஓடும். அதேபோல் பத்துப் பதினைந்து நிர்வாகிகளின் பெயரை அடுக்காதீர்கள். மூன்று, நான்கு பேர் போதும். யார் பெயர் போகும் என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே நிர்வாகக் குழுவில் பேசி முடிவு செய்துவிட்டால் பிறகு சண்டை வராது. முடிந்தால் பொறுப்பில் இல்லாத, உண்மையில் மண்வெட்டி பிடித்த ஒருவரின் பெயரையும் சேருங்கள்.

மொத்தம் 150 சொற்களுக்குள் முடித்து, கடைசியில் விவரம் கேட்க ஒருவரின் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்க வேண்டும் என்பது முக்கியம்.

அனுப்பும் விதத்திலும் ஒரு விஷயம். லெட்டர்பேடில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். நிருபர் அதை முழுதாக மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். பிடிஎஃப் அனுப்பினாலும் பல நேரம் அதே கதைதான், எழுத்துகள் உடைந்து வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது அவர் கைப்பேசியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்து, வாட்ஸ்அப் செய்தியாகவே ஒட்டி அனுப்புங்கள். அவர் நகலெடுத்து, இரண்டு வார்த்தை மாற்றி, அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்.

ஐந்தாம் படி: படம்

படம் நன்றாக இருந்தால் செய்தி சுமாராக இருந்தாலும் வந்துவிடும். ஆனால் நம் சங்கங்கள் அனுப்பும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். பேனருக்கு முன்னால் இருபது பேர் வரிசையாக நிற்பார்கள், நடுவில் பொன்னாடை போர்த்தியவர் இருப்பார், எல்லோரும் கேமராவைப் பார்ப்பார்கள். அச்சில் அது இரண்டு பத்தி அகலத்துக்குச் சுருங்கும்போது ஒரு முகமும் தெரியாது.

வேலை நடக்கும்போது எடுங்கள். ஊருணியில் இரண்டு பேர் சீமைக்கருவேல மரத்தை வேரோடு இழுக்கிறார்கள், பின்னால் ஒரு அம்மா கூடையோடு நிற்கிறார். மூன்று, நான்கு பேருக்கு மேல் படத்துக்குள் வேண்டாம். வெயில் அவர்கள் முகத்தில் விழும்படி நீங்கள் நில்லுங்கள். காலை 7 மணி வெளிச்சத்தில் எடுத்ததும் 12 மணி உச்சி வெயிலில் எடுத்ததும் அச்சில் எவ்வளவு வேறுபடும் என்பதை ஒருமுறை பார்த்தால் தெரியும். கைப்பேசியைப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். சங்கத்தின் பெயர் தெரிய வேண்டும் என்றால் ஒருவர் போட்டிருக்கும் டி-ஷர்ட்டில் தெரிந்தால் போதும். இரண்டு படங்கள் அனுப்புங்கள், இருபது வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். இடமிருந்து வலமாக யார் யார் என்று கீழே எழுதுங்கள்.

குழந்தைகள் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரிடம் கேட்டே ஆக வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். அரிசி மூட்டை, புடவை, தையல் இயந்திரம் வாங்கிக்கொள்கிறவரை நிறுத்திவைத்து, கொடுக்கிறவர்கள் ஆறு பேர் கைவைத்துப் படம் எடுக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். வாங்குகிறவர் தலை குனிந்திருப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அவருக்கும் இந்த ஊரில்தான் வாழ்க்கை. அந்தத் தையல் இயந்திரத்தில் அவர் மூன்று மாதம் கழித்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது, அவர் சம்மதத்தோடு எடுங்கள். படமும் அதுதான் நன்றாக வரும்.

ஆறாம் படி: நேரம்

நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு நிருபருக்கு அழைப்பு அனுப்புங்கள், 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்கான இரண்டு வரியையும் அப்போதே கொடுங்கள். முந்தின நாள் மாலை நினைவூட்டி ஒரு செய்தி. நிகழ்ச்சி நடந்த அன்றே, பிற்பகல் 3 மணிக்குள் பிரஸ் நோட்டும் படமும் போய்விட வேண்டும். இதற்கு எளிய வழி, முந்தின நாளே முக்கால்வாசி எழுதிவைத்துவிட்டு, அன்று எண்ணிக்கையையும் பேசியவர் சொன்ன ஒரு முக்கியமான கருத்தையும் மட்டும் சேர்ப்பது. மாலைப் பத்திரிகைக்குக் காலையிலேயே கொடுத்தாக வேண்டும். மறுநாள் அனுப்பினால் அது பழைய செய்தி.

நிருபர் நேரில் வந்தால், அவரைக் கவனிக்க ஒரே ஒருவரை நியமியுங்கள். மேடையில் உட்கார வைப்பதும் பொன்னாடை போர்த்துவதும் அவருக்குச் சங்கடம். பத்து நிமிடத்தில் அவருக்கு வேண்டியது ஒரு படம், ஒரு பேட்டி, பெயர்ப் பட்டியல். கொடுத்து அனுப்பிவிடுங்கள், அடுத்த இடத்துக்கு அவர் ஓட வேண்டும்.

சிறப்பு விருந்தினரைப் பற்றி என் கருத்து. அரசியல் பிரமுகரை அழைத்தால் நிருபர்கள் கட்டாயம் வருவார்கள். ஆனால் அவரிடம் கூட்டணியைப் பற்றிக் கேட்பார்கள், மறுநாள் அதுதான் செய்தி. உங்கள் ஊருணி கடைசி வரியில் இருந்தாலே பெரிது. ஊரில் படித்து வெளியூரில் பெயரெடுத்த ஒரு விளையாட்டு வீரரோ, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரோ, அரசு மருத்துவரோ வந்தால் செய்தி உங்கள் வேலையைச் சுற்றியே நிற்கும். பிரஸ் மீட் என்று தனியாக வைப்பதும் தேவையில்லை. பத்திரிகையாளர் மன்றக் கட்டணம், டீ, பிஸ்கட் என்று செலவுதான். கேள்வி கேட்க நிறைய இருக்கிற விவகாரம் என்றால் மட்டும் வையுங்கள்.

வானொலி, கேபிள், யூடியூப்

தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆனால் உள்ளூர் நிகழ்ச்சி அறிவிப்பைச் சொல்லலாம். அதனால் அவர்களுக்குப் பிரஸ் நோட் அனுப்பாமல், காலை நிகழ்ச்சி நடத்தும் ஆர்ஜே ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய மூன்று வரி அனுப்புங்கள். அகில இந்திய வானொலியின் கோவை, மதுரை, திருநெல்வேலி, திருச்சி நிலையங்களில் பேட்டிக்கும் உரைக்கும் இடம் உண்டு. வாரக்கணக்கில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

சமுதாய வானொலி பக்கத்தில் இருந்தால் அது உங்களுக்குப் பெரிய வரம். 2004-ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் தொடங்கிய பிறகு தமிழ்நாட்டில் பல வந்துவிட்டன. பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' ஒலிக்கிறது. எட்டும் தூரம் சில கிலோமீட்டர்தான், ஆனால் அந்த எல்லைக்குள் உங்கள் ஆட்களே பேசலாம், அரை மணி நேரமும் கொடுப்பார்கள்.

உள்ளூர் கேபிள் சேனலுக்கும் யூடியூப் சேனலுக்கும் ஒரு நிமிட வீடியோ போதும். பேட்டி கொடுப்பவர் முப்பது விநாடிக்குள் சொல்லிப் பழகிக்கொள்ளட்டும்.

பணம் கேட்டால்

கொடுக்க வேண்டாம். கையில் பிரஸ் அட்டை, வண்டியில் பிரஸ் ஸ்டிக்கர் என்று வந்து 'கவர்' எதிர்பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பேருந்துச் செலவுக்கு என்று ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறை நான்கு பேர் வருவார்கள். "சங்கக் கணக்கில் இதற்கு இடமில்லை சார், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நேர்மையான நிருபர்கள்தான் பெரும்பான்மை. அவர்களிடம் கவரை நீட்டுவது அவர்களை அவமதிப்பது. விளம்பரம் தர வசதி இருந்தால் அலுவலகத்தில் ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள், அதைச் செய்தியோடு முடிச்சுப் போடாதீர்கள்.

வந்த பிறகும், வராத போதும்

செய்தி வந்தால் நிருபருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள், கேட்பதற்காக மட்டும் கூப்பிடுகிறவர்களுக்கு நடுவில் அது நினைவில் நிற்கும். பத்திரிகையின் பெயர், தேதி, பதிப்பு, பக்கம் எழுதி வெட்டி ஒட்டிவையுங்கள். ஆட்சியரிடம் மனு கொடுக்கும்போதும் நிறுவனங்களிடம் நிதி கேட்கும்போதும் அந்தக் கோப்பு பேசும்.

சின்னப் பிழை வந்தால் விட்டுவிடுங்கள். ஒருவருக்குக் கெடுதல் வரும்படியான பிழை என்றால் அன்று காலையே சொல்லித் திருத்தம் கேளுங்கள்.

வரவில்லை என்றால் "ஏன் போடவில்லை?" என்று கேட்காதீர்கள். அவர் அனுப்பியிருப்பார், பக்கத்தில் விளம்பரம் ஏறியிருக்கும். அடுத்த மாதம் இன்னும் நல்ல செய்தியோடு அனுப்புங்கள். இடையில் ஊரில் நடக்கும் வேறு விஷயங்களையும் அவருக்குச் சொல்லுங்கள். பள்ளிச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது, ஏரிக்கு அரிதான பறவை வந்திருக்கிறது என்று. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். நாளடைவில் உங்கள் பகுதியில் எது நடந்தாலும் விசாரிக்க அவரே உங்களைக் கூப்பிடுவார்.

உங்கள் செய்தியால் ஏதாவது நடந்துவிட்டால், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் வந்து கால்வாயைப் பார்த்தார், பொக்லைன் வந்தது என்றால், முதலில் நிருபருக்குச் சொல்லுங்கள். 'செய்தி எதிரொலி' என்று தலைப்பிட்டுப் போட எல்லா நாளிதழ்களுக்கும் ஆசை உண்டு, எழுதிய நிருபருக்கும் அலுவலகத்தில் நல்ல பெயர் கிடைக்கும். அந்தச் செய்திக்கான படத்தை, பொக்லைன் கால்வாயில் இறங்கி முதல் வாரி மண்ணை அள்ளும்போதே எடுத்துவிடுங்கள்.